கண்டவையாம்

மாமியின் சீனிக் கொப்பி எங்கள் குசினி மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் கிடக்கும். என் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டுப் போட்ட கொப்பி அது. எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, மாமி தானே செய்துகொண்டது; ஒன்று முடிந்தால் மகளின் இன்னொரு பழைய கொப்பி. சீனி வருத்தக் கிளினிக்கில் அச்சடித்த வடிவான புத்தகம் ஒன்று சும்மாதான் தந்தார்கள். அதில் நாளும் இலக்கமும் எழுதத்தான் இடம் இருந்தது. மாமி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். சீனி ஏன் கூடியது என்று எழுத இடமில்லாவிட்டால் பிறகென்ன புத்தகம் என்று கேட்டார். அதனால் மாமியின் கொப்பியில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. அதன் தலையில் "காரணம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மாமி என்றால் என் கணவரின் தாய். ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டில் பதினைந்து வருசம் எங்களோடு இருந்தவர். பொய் சொல்லத் தெரியாத மனுசி. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, சில நேரம் அது பெரிய அரியண்டம். வந்த விருந்தாளிக்கு முன்னால், இந்தப் புட்டு நேற்றையான் என்று சொல்லி என் மானத்தை வாங்கிவிடுவார். கொப்பியிலும் அதே கதைதான். காலையில் வெறும் வயிற்றில் ஏழுக்குள் நிற்க வேண்டும் என்பது இங்கத்தைக் கணக்கு. "9.8, இடியப்பம் ஆறு." "11.2, கோயில் மோதகம்." "12.0, மாம்பழம் (களவு)." ஒருவரும் காணாமல் தின்ற மாம்பழத்தைத் தானே எழுதி, களவு என்றும் போடுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? குரக்கன், அதுதான் கேழ்வரகு, சீனிக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி ஒருநாள் மத்தியானமும் இரவும் குரக்கன் புட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அடுத்தநாள் மெஷின் 14.1 காட்டியது. "குரக்கன் ஏமாத்திப்போட்டுது" என்று எழுதினார். எங்கள் தமிழ் டொக்டர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். குரக்கனும் மாதான் அம்மா, கொஞ்சம் மெல்ல ஏறும், ஆனால் ஏறும், அளவாய்ச் சாப்பிட வேணும் என்று விளங்கப்படுத்தினார்.

நான் அப்போது ஒரு டோனட் கடையில் வேலை செய்தேன். வேலைக்குப் போக முன்னம் மாமியின் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துக் கொடுப்பதும், வயிற்றில் இன்சுலின் போடுவதும் என் பொறுப்பு. வேலை முடிந்து வந்து கட்டிப்பிடித்தால், "தள்ளி நில் பிள்ளை, உன்னிலை சீனி மணக்குது, எனக்கு ஏறப்போகுது" என்று பகிடி விடுவார். மருமகளும் மாமியாரும் அப்படி ஒரு ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பிடிவாதம் நீளம். சண்டை பிடித்தால் ஒரு கிழமைக்குக் கதையில்லை. ஆனால் அந்தக் கிழமையிலும் காலையில் விரலை மட்டும் நீட்டுவார்.

ஒருமுறை டொக்டர், சீனி ஏன் ஏறுகிறது என்று தன் கைவிரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். கண்டபடி சாப்பிட்டால் ஏறும். நடக்காமல் ஒரே இடத்தில் இருந்தால் ஏறும். மருந்தைத் தவறவிட்டால் ஏறும். காய்ச்சல், தடிமன் வந்தால் ஏறும். ஐந்தாவது விரலை மடக்குவதற்கு முன் கொஞ்சம் நின்றார். அது வன்னியில் சண்டை உக்கிரமாய் நடந்துகொண்டிருந்த நேரம், எங்கள் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். பயந்தாலும் ஏறும் அம்மா என்றார். ஆபத்து வருது, ஓட வேணும் என்று உடம்பு நினைக்கும், ஓடுவதற்குத் தேவை என்று ஈரல் தன்னிடம் இருக்கிற சீனியை இரத்தத்துக்குள் விட்டுவிடும். மாமி யோசித்துவிட்டு, ஓடாட்டி என்று கேட்டார். ஓடாட்டி அது அங்கையேதான் நிக்கும் என்றார் டொக்டர். மாமி ரொறன்ரோவில் ஒரு சோபாவில் இருந்தபடி அந்த மாதங்கள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவர் ஓடியது தன் கடைசி மகனிடம். இவருடைய, என் கணவருடைய தம்பி, எனக்குச் சின்ன மச்சான். வன்னியில் தண்ணீர் இறைக்கிற மெஷின்கள் திருத்துகிற வேலை அவருக்கு. எத்தனையோ முறை கூப்பிட்டும் இந்தப் பக்கம் வர மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். எப்போதாவது போன் எடுப்பார். எடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "அம்மாவின்ரை சீனி எப்பிடி?" சுகமா, சாப்பிட்டீங்களா எல்லாம் அதற்குப் பிறகு. ஷெல் விழுகிற இடத்தில் இருந்துகொண்டு வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற தாயின் சீனியைக் கேட்கிற மனுசனை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். மாசி மாதம் கடைசியாக எடுத்தபோதும் அதைத்தான் கேட்டார். இரண்டு நிமிசம் கதைத்தார், லைன் அறுந்துவிட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வாயில் ஒரு சொல் குடியிருந்தது. கண்டவையாம். யாரோ கண்டார்களாம் என்று அர்த்தம். இன்னாரை அகதி முகாமில் கண்டவையாம், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகக் கண்டவையாம், ஆஸ்பத்திரியில் கண்டவையாம். கண்டவை யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த "ஆம்" இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் சொன்னவருக்குப் பொறுப்பில்லை. கோயிலில், கடையில், பதாகை பிடித்துக்கொண்டு குளிரில் நின்ற இடங்களில், எல்லா இடமும் அந்தச் சொல்லைத்தான் சனம் கையேந்தி வாங்கியது. எங்களுக்கு மட்டும் அந்த ஒரு சொல் வரவில்லை. கண்டவையாம் என்று சொல்லக்கூட ஒரு குருவி இல்லை.

தெரிந்தவர்கள் எல்லோரும் நேர்த்தி வைத்தார்கள். பிள்ளை வரும்வரை இனிப்புத் தொடமாட்டேன், சோறு தின்னமாட்டேன் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றை விட்டார்கள். நாங்கள் எல்லோரும் காலையும் மாலையும் ரிவியையும் கொம்பியூட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி, நீ வேலைக்குப் போ, ஊசியை நானே குத்தி நானே போடுறன் என்றார். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன். தண்ணீர் கூடக் குடிக்கிறார், அடிக்கடி பாத்ரூம் போகிறார், மெலிகிறார் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டதுதான். மகனை நினைத்து உருகிறா பாவம் என்று நினைத்தேன். சீனி ஏறினால் என்ன செய்யும் என்று எத்தனை தடவை அந்த டொக்டர் எனக்குப் பாடம் எடுத்திருப்பார்! கண் இருந்தும் குருடாய் நின்றேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரிவி சொன்ன மறுநாள் காலை. இவர் தொழிற்சாலைக்குப் போயிருந்தார், எனக்கு லீவு. எட்டு வயது மகள் குசினியிலிருந்து, அம்மா, மெஷின் அப்பம்மாவுக்கு ஹாய் சொல்லுது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மெஷினில் இலக்கம் இல்லை, எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து. இலக்கமாய்க் காட்ட முடியாத அளவுக்குச் சீனி ஏறினால்தான் அது அப்படிக் காட்டும். மாமி கதிரையில் சரிந்து இருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் கொப்பியை இழுத்தேன். 17.3, நேர்த்தி. 19.9, நேர்த்தி. 22.4, நேர்த்தி. 26.0, நேர்த்தி. பதினொரு நாள், ஒரு நாளும் தவறாமல், உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் கொப்பி விரித்தபடியே கிடந்திருக்கிறது. நாங்கள் மூன்று நேரமும் அந்த மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

என்ன மாமி உது என்று கத்தினேன். அவர் ஆறுதலாய்ச் சொன்னார்.

"எல்லாரும் இனிப்பை விடுகினம். எனக்கு டொக்டர் அதை எப்பவோ பறிச்சுப்போட்டார். விடுறதுக்கு என்னட்டை வேறை என்ன இருக்கு பிள்ளை? ஊசியைத்தான் விட்டன். தம்பியின்ரை செய்தி வந்தாப் போடுவன்."

நான் அழுதேனா, ஏசினேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உந்தக் கண்டறியாத நேர்த்தியாலை நீங்கள் செத்துப்போனா அவர் வந்து ஆரைப் பாக்கிறது என்று கேட்டேன். அவன் வராட்டி நான் இருந்து என்ன என்று கேட்டார். அம்புலன்ஸைக் கூப்பிடப்போகிறேன் என்றேன். கூப்பிடு, வந்தால் கையைத் தரமாட்டேன், எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு இங்கிலிஸ் தெரியும் என்றார். நோ தாங்க்ஸ் என்று சொல்லியும் காட்டினார். சிரிப்பதற்கான நேரமில்லை, ஆனாலும் எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

அப்போது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். வீட்டுக் காற்றுக் குழாய்களைத் துப்பரவாக்கித் தரட்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரப் பெண். ரொறன்ரோவில் கிழமைக்கு மூன்று தரம் வருகிற அழைப்பு. மற்ற நாளென்றால் ஏசிவிட்டு வைத்திருப்பேன். குசினிக் கதவால் மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணை என்னால் தாங்க முடியவில்லை. "ஓம் அக்கா" என்றேன் போனுக்குள். "ஓம்... அப்பிடியே... எப்ப... ஓமோம், சொல்லுறன் அக்கா." அந்தப் பக்கம் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். என் வாயால் அந்தச் சொல் எவ்வளவு சுகமாய் வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைப் பயப்படுத்துகிறது.

"மாமி, சின்ன மச்சானைக் கண்டவையாம். முகாமிலை இருக்கிறாராம்."

காயமோ என்று கேட்டார். இல்லையாம் என்றேன். சாப்பாடு குடுக்கிறாங்களோ என்று கேட்டார். குடுக்கினமாம் என்றேன். ஒவ்வொரு பொய்யின் வாலிலும் ஒரு "ஆம்" போட்டேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. பொய் சொல்லத் தெரியாத ஆளுக்குப் பொய்யைப் பிடிக்கவும் தெரியாது. பிளவுஸின் கீழ்ப்பக்கத்தை உயர்த்தி வயிற்றைக் காட்டி, "போடு பிள்ளை" என்றார். இனி வீட்டில் போட்டு இது சரிவராது, ஆஸ்பத்திரிக்குப் போக வேணும் என்று அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வரும்வரைக்கும் மாமி சும்மா இருக்கவில்லை. கொப்பியை இழுத்து, அன்றைய கட்டத்தில் "ஹாய்" என்று எழுதினார். காரணத்தில் இப்படி எழுதினார்: "நேர்த்தி. முடிஞ்சுது. தம்பியைக் கண்டவையாம்." பிறகு வந்தவர்களிடம் தானாகவே கையை நீட்டினார்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில். சேலைன் ஒரு கையில், இன்சுலின் ஒரு கையில். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். வேலை உடுப்போடேயே இவர் ஓடி வந்தார். நான் வாயைத் திறக்க முன்னம் மாமி, டேய், தம்பியைக் கண்டவையாம் என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. வெளியில் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் இவரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும், மாமி திரும்ப ஊசியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஓம் என்று தலையாட்டினேன். யார் சொன்னது என்று இவர் கேட்டார். ஒரு அக்கா, பேர் சொல்லாமல் வைத்துவிட்டா என்றேன். மாமி வீட்டுக்கு வந்ததும் சொல்லுவோம் என்றும், சீனி இறங்கியதும் சொல்லுவோம் என்றும் நாளை இழுத்தேன்.

மூன்று கிழமை போயிருக்கும். ஒஷாவாவிலிருந்து இவருடைய பழைய கூட்டாளி ஒருவர் போன் எடுத்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். மச்சான், உன்ரை தம்பியை வவுனியாப் பக்கம் முகாமிலை கண்டவையாம் என்றார் அவர். நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என் பொய் ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் குசினிக்கே வந்திருக்கிறது என்று எனக்கு உடனேயே விளங்கியது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. "அம்மாவின்ரை சீனி எப்பிடியெண்டும் கேட்டவராம்."

அதை நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. அதைக் கேட்கிற மனுசன் உலகத்தில் ஒருவர்தான். அப்படியென்றால் என் பொய்க்குள் தற்செயலாக ஒரு உண்மை மாட்டிக்கொண்டதா? நான் வாயில் வந்ததைச் சொல்ல, அங்கே உண்மையாகவே அவர் இருந்தாரா? அன்றிலிருந்து நானும் நம்பத் தொடங்கினேன். அதனாலேயே வாயை மூடிக்கொண்டேன். உண்மையாய் இருக்கக்கூடிய ஒன்றைப் பொய் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

மாமி அதன் பிறகு ஒன்பது வருசம் இருந்தார். ஒரு நாளும் ஊசியைத் தவறவிடவில்லை. பனியானாலும் மோலுக்குள் போய் அரை மணித்தியாலம் நடந்தார். மாம்பழக் களவும் நின்றுவிட்டது. 6.4, 6.1, 6.8. தம்பி வரேக்குள்ளை நான் கால் இல்லாமல், கண் இல்லாமல் இருக்கக்கூடாது என்பார். டொக்டர் மற்ற நோயாளிகளுக்கு மாமியின் கொப்பியைக் காட்டிப் புத்தி சொன்னார். அவர் ஒவ்வொரு முறையும் புகழ, என் பொய்தான் அந்த மருந்து என்று நினைத்துக்கொள்வேன். இவர் முகாம் முகாமாய் ஆள் வைத்து விசாரித்தார், படிவம் படிவமாய் நிரப்பினார். முகாம்கள் மூடப்பட்ட பிறகும் நிரப்பினார்.

மாமி போனது ஒரு மார்கழியில், நித்திரையில். மருந்து மேசையில் அன்றைய ஊசி எடுத்து வைத்தபடி இருந்தது. எங்கள் முறைப்படி தாய்க்குக் கொள்ளி வைக்கிறது கடைசி மகன். ஐயர், கடைசி மகன் ஆர் என்று கேட்டார். தம்பிக்கு இப்ப வர வசதிப்படேல்லை, அவருக்காக நான் செய்யிறன் என்றார் இவர். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் பின்னால் நின்றேன். இத்தனை வருசமும் தம்பிக்கு ஒரு திவசம் கிடையாது, ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் கிடையாது. உயிரோடு இருக்கிற ஆளுக்கு யார் திவசம் செய்வார்கள்?

செத்தவீடு முடிந்து சனம் கலைகிற நேரம், மாமியின் கோயில் சிநேகிதி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மலிவாய் வீடு கிடைக்குது என்று அஜக்ஸுக்குப் போன அன்ரி. மாமி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓடிவந்து பார்த்தவர். அன்றைக்கு மாமியின் முகத்தில் இருந்த சந்தோசத்தைத் தன்னால் மறக்க முடியாது என்றார்.

"பெடியனைக் கண்டவையாம், அம்மாவின்ரை சீனி எப்பிடியெண்டு கேட்டவனாம் எண்டு உன்ரை மாமி சொல்லிச் சொல்லி அழுதவ. நான் அண்டைக்கே ஒஷாவாவிலை அக்கா வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னனான்."

அன்ரி கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சப்பாத்துகள் குவிந்து கிடந்த வாசலில் நின்றேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தது மாமி. வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுசி. அது பொய் என்றுகூட அவர் நினைத்திருக்கமாட்டார். கண்டவர்களிடம் அவன் வேறு எதைக் கேட்டிருப்பான்? ஒன்பது வருசம் நான் பிடித்துக்கொண்டு தொங்கிய கயிறு என் மாமியின் வாயிலிருந்து வந்தது. அதன் மறுமுனையில் ஒருவரும் இல்லை.

இவருக்கு அன்றைக்கும் சொல்லவில்லை. தாய் போன துக்கத்தில் தம்பியையும் பறிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு சொல்ல ஒரு நல்ல நாளும் வரவில்லை. அப்படியே வருசங்கள் போய்விட்டன. போன வருசம் எனக்கும் சீனி என்று டொக்டர் சொன்னார். புதுக் கொப்பி வாங்க மனம் வரவில்லை, மாமியின் கடைசிக் கொப்பியில் மிச்சம் கிடந்த பக்கங்களில் எழுதுகிறேன். காலையில் நான் தேத்தண்ணி வைக்கும்போது என் கொப்பியைச் சத்தமாய் வாசிப்பது இவருக்கு ஒரு விளையாட்டு. ஆகா, அம்மாவின்ரை மருமகள்தான், டோனட் பாதி எண்டு எழுதியிருக்கிறாய் என்று சிரிப்பார்.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்த கையோடு இவர் ஊருக்கு ரிக்கற் போட்டுவிட்டார். வருகிற மாதம் பயணம். வவுனியாவில் ஒரு அறை எடுத்துத் தங்கி ஆறு மாதம் தேடப்போகிறாராம். முகாமில் வேலை செய்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது என்னிடம், ஞாபகப்படுத்திப் பார், அந்த அக்காவின்ரை குரல் எப்பிடி இருந்தது, மன்னார்ப் பக்கத்துப் பேச்சோ என்று கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இன்று காலை விரலைக் குத்தினேன். 15.6. நேற்று ஒரு கவளம் சோறுதான் தின்றேன், மருந்தும் போட்டேன், நடந்தும் வந்தேன். மாமியின் கட்டத்தில் பேனையை வைத்தேன். அவர் இழுத்த பென்சில் கோடு மங்கிவிட்டது, காரணம் என்ற சொல் மட்டும் இன்னும் தெரிகிறது. அதற்கு நேரே எழுதினேன்: "ஒருத்தரும் காணேல்லை. அண்டைக்கு ஒரு அக்காவும் போன் எடுக்கேல்லை. நான் சொன்ன பொய்."

கொப்பியை மூடாமல் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கேத்தலில் தண்ணீர் வைத்து அடுப்பைப் போட்டேன். மேலே இவர் எழும்பிப் படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது.